சூடேறியதும் நின்றுபோகும் கொரோலா: கொம்பியூற்றரை மாற்றுமுன் பார்க்கவேண்டியவை

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான கொரோலா 100 இருக்கிறது (ஏஇ100, 5ஏ-எஃப்இ எஞ்சின், மனுவல் கியர்). யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு மாதம் இரண்டு தடவை போய்வருகிறேன். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடியபின் அக்சிலேற்றரை மிதித்தால் வண்டி திணறுகிறது, இரண்டு மூன்று தரம் குலுக்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது. நான்காவது கியரில், கிளச்சில் கால் வைக்காமல் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் துடித்துப் பூச்சியத்துக்கு விழுந்துவிடும். இருபது நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆகும். கராஜில் பிளக், பிளக் வயர், பெற்றோல் பில்ற்றர் எல்லாம் மாற்றினார்கள். ஒருநாள் வழியில் நின்றபோது வந்து பார்த்து, பெற்றோல் பம்ப் சத்தம் கேட்கவில்லை என்று பம்பையும் மாற்றினார்கள். அதன்பின்னும் இரண்டு முறை நின்றுவிட்டது. இப்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கொம்பியூற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றவேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. கராஜில் யாராவது அதைக் கேட்டிருந்தால் பம்புக்குச் செலவே வந்திருக்காது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூச்சியத்துக்கு விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிதான்.

ஆர்பிஎம் முள் எஞ்சின் சுற்றுவதை நேரே பார்ப்பதில்லை. பிளக்கில் பொறி (ஸ்பார்க்) அடிக்கவைக்கும் இக்னிஷன் கொயிலுக்குப் போகும் மின்சாரம் நிமிடத்துக்கு எத்தனை தரம் அறுந்து அறுந்து வருகிறது என்பதை எண்ணிக் காட்டுகிறது. நீங்கள் கிளச்சை மிதிக்கவில்லை, கியரிலும் இருந்தீர்கள். ஆகவே சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெற்றோல் வராமல் வண்டி நின்றிருந்தால் பொறி தொடர்ந்து அடித்திருக்கும். வண்டியின் வேகம் குறையக் குறைய முள்ளும் மெல்ல இறங்கியிருக்கும். எஞ்சின் சுற்றும்போதே முள் சட்டென்று விழுந்தால் கொயிலை யாரும் இயக்கவில்லை என்று பொருள். பிழை இக்னிஷன் பக்கத்தில்.

அப்படியானால் பம்ப் சத்தம் ஏன் கேட்கவில்லை? இந்த எஞ்சினில், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பிக்கப் கொயில்தான் எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியைக் கொம்பியூற்றருக்கு அனுப்புகிறது. டொயோட்டா அதை என்இ சிக்னல் என்று அழைக்கும். அந்தச் சிக்னல் இல்லையென்றால் பொறியும் இல்லை, பெற்றோலும் இல்லை. விபத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பம்ப் தொடர்ந்து பெற்றோலைக் கொட்டக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். புதிய வண்டிகளில் திறப்பை ‘ஓன்’ நிலைக்குத் திருப்பியதும் பம்ப் இரண்டு செக்கன் உறுமும். இந்தக் காலத்து டொயோட்டாவில் அது கிடையாது. ஸ்ராட்டர் சுற்றவேண்டும், அல்லது எஞ்சின் ஓடவேண்டும். புதிய வண்டிகளில் பழகிய காது இதில் சத்தம் இல்லாததைக் கேட்டுவிட்டுப் பம்ப் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

சூட்டில் நின்று ஆறியபின் ஓடுவது மின்பாகங்களின் குணம். பிக்கப் கொயிலில் தலைமயிர் மாதிரிச் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். முப்பது வருடம் எஞ்சினின் சூட்டில் வெந்தபின் அதன் ஈயப்பற்றிலோ கம்பியிலோ ஒரு கீறல் விழும். சூட்டில் விரிந்தால் கீறல் திறக்கும், ஆறினால் மறுபடி ஒட்டும். கொயிலின் மின்சாரத்தை அறுத்து அறுத்து விடும் இக்னைற்றருக்குள் இருக்கும் திரான்சிஸ்ரரும் இக்னிஷன் கொயிலும் இதேபோல்தான் சாகும். பெரும்பாலான ஏஇ100களில் கொயில் டிஸ்ரிபியூற்றருக்குள்ளேயே இருக்கிறது. இக்னைற்றர் சிலவற்றில் உள்ளே, சிலவற்றில் வெளியே. முழுத் தொகுதியும் சிலிண்டர் தலையின் கியர்பெட்டிப் பக்க முனையில் பூட்டியிருப்பதால் எஞ்சினின் சூடு நேரே ஏறும். எனக்கு முதல் சந்தேகம் டிஸ்ரிபியூற்றரில்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துப் பாகம் வாங்கினால் நானும் உங்கள் கராஜ் செய்ததையே செய்தவனாவேன். சோதித்துவிட்டு வாங்குவோம்.

சோதிக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அந்த இருபது நிமிடம் மட்டுமே. ஓடும் வண்டியைக் கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆகவே அடுத்த பயணத்துக்கு முன் ஒரு சிறு பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு பழைய பிளக், பிளக்கைப் பற்றி பூமிக்கு இணைக்க முதலைக் கிளிப் பூட்டிய வயர், ஒரு மல்ரி மீற்றர், ஒரு பேப்பர் கிளிப், ஐஸ்கட்டி போட்ட சின்னக் குளிர்ப்பெட்டி, தடித்த பொலித்தீன் பை.

வண்டி நின்றதும் முதலில் உயிரைப் பாருங்கள். ஏ9 வீதியில் பின்னால் லொறி வரும். உருளும் வேகத்திலேயே ஓரங்கட்டுங்கள். திறப்பை ‘லொக்’ வரை திருப்பிவிடாதீர்கள், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றபின் பிரேக்கின் உதவி ஓரிரு மிதிக்கு மட்டுமே இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள்.

திறப்பு ‘ஓன்’ நிலையில் இருக்கும்போதே டாஷ்போட்டைப் பாருங்கள். ஒயில், பற்றரி, எஞ்சின் படம் போட்ட லைற் மூன்றும் எரியவேண்டும். மூன்றுமே எரியாவிட்டால் டிஸ்ரிபியூற்றரை மறந்துவிடுங்கள். இக்னிஷன் சுவிட்ச், பற்றரி முனை, பிரதான பியூஸ் என்று அந்தத் திசையில் தேடவேண்டும். கனமான திறப்புக் கொத்துத் தொங்கும் பழைய வண்டிகளில் சுவிட்சின் உள் தொடுகை தேய்ந்துபோகும். திறப்பை இலேசாக ஆட்டினால் லைற் விட்டுவிட்டு எரிவதிலிருந்து கண்டுபிடிக்கலாம். ஒயிலும் பற்றரியும் எரிந்து எஞ்சின் லைற் மட்டும் எரியாவிட்டால் கொம்பியூற்றருக்கு மின்சாரம் போகவில்லை. அப்போது பார்க்கவேண்டியது இஎஃப்ஐ (பெற்றோல் தெளிப்பு) பிரதான ரிலேயும் 15 அம்பியர் இஎஃப்ஐ பியூஸும். ரிலேயின் உள்ளே ஈயப்பற்று வெடிப்பது இந்த வயது வண்டிகளில் சாதாரணம். மூன்றும் எரிந்தால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

ஒரு பிளக் வயரைக் கழற்றி, கொண்டுவந்த பழைய பிளக்கை அதில் பூட்டி, பிளக்கின் உலோக உடலைக் கிளிப்பால் எஞ்சினின் வெறும் உலோகத்தோடு இறுக்கமாக இணைத்துக் கீழே வையுங்கள். கையில் பிடிக்கவேண்டாம். பெற்றோல் கசிவோ மணமோ இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம். இன்னொருவர் இரண்டு செக்கனுக்கு மட்டும் ஸ்ராட்டரைச் சுற்றட்டும். நீலமாக, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு பொறி அடித்தால் இக்னிஷன் உயிரோடு இருக்கிறது. மங்கலான செம்மஞ்சள் பொறி என்றால் கொயில் சூட்டில் பலமிழக்கிறது. நிற்பதற்கு முன் நீங்கள் உணரும் திணறல் அதிலிருந்தும் வரலாம். பொறியே இல்லையென்றால் சந்தேகம் உறுதியாகிக்கொண்டு வருகிறது. எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள்; போகவழியில்லாத மின்னழுத்தம் கொயிலையும் இக்னைற்றரையும் கெடுத்துவிடும்.

அடுத்தது ஐஸ். ஐஸைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி டிஸ்ரிபியூற்றரின் உடல்மீது வையுங்கள், தண்ணீர் ஊற்றவேண்டாம். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருதரம் ஸ்ராட் செய்து பாருங்கள். வழக்கமாக இருபது நிமிடம் கேட்கும் வண்டி ஐந்து நிமிடத்தில் எழுந்தால் அது பெரிய சாட்சி. இக்னைற்றர் வெளியே இருக்கும் வகையென்றால் அடுத்த தடவை அதன்மீது மட்டும் வைத்துப் பாருங்கள். எதைக் குளிர்வித்தால் உயிர் வருகிறதோ அதுதான் குற்றவாளி.

வண்டி மறுபடி ஓடி வீடு வந்துசேர்ந்ததும் செய்யவேண்டியது கோட் (கொம்பியூற்றர் பதிந்துவைக்கும் பழுது இலக்கம்) வாசிப்பது. இதற்கு ஸ்கானர் வேண்டாம். உங்கள் வண்டி அதற்கு முந்திய காலத்தது. பொனற்றுக்குக் கீழே ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய மூடியோடு ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் எந்தத் துளைக்கு என்ன பெயர் என்று அச்சிட்டிருக்கும். திறப்பு ‘ஓஃப்’ நிலையில் இருக்க, ரிஇ1 (TE1), இ1 (E1) என்ற இரண்டு துளைகளையும் பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். ஒன்றுக்கு இரண்டு முறை பெயரைப் பார்த்துவிட்டுக் குத்துங்கள். +பி என்ற துளையை இ1 உடன் இணைத்தால் பியூஸ் போய்விடும். இப்போது திறப்பை ‘ஓன்’ செய்யுங்கள், ஸ்ராட் செய்யவேண்டாம். எஞ்சின் லைற் விடாமல் ஒரே சீராக, செக்கனுக்கு இரண்டு தரம் வீதம் மின்னினால் கோட் எதுவும் பதிவாகவில்லை. கோட் இருந்தால் இலக்கமாக மின்னும்: ஒரு மின்னல், ஒன்றரைச் செக்கன் இடைவெளி, நான்கு மின்னல் என்றால் 14. தாளில் குறித்துக்கொள்ளுங்கள், சுற்று முடிந்ததும் அதுவே திரும்பவும் காட்டும்.

12 அல்லது 13 வந்தால் டிஸ்ரிபியூற்றரிலிருந்து வரும் சிக்னல் அறுந்திருக்கிறது. பிக்கப் கொயில், அல்லது அங்கிருந்து கொம்பியூற்றர்வரை போகும் வயர். 14 என்றால் இக்னைற்றர் பொறியை அடித்தேன் என்று திருப்பி அனுப்பவேண்டிய பதில் வரவில்லை. இக்னைற்றர் அல்லது கொயில். அந்தப் பதில் வராவிட்டால் கொம்பியூற்றர் பெற்றோல் தெளிப்பதையும் நிறுத்திவிடும். இன்னொன்று: பற்றரியைக் கழற்றினால் கோட் எல்லாம் அழிந்துபோகும். இவ்வளவு நாளும் கராஜில் ஒவ்வொரு வேலைக்கும் பற்றரி முனையைக் கழற்றியிருந்தால் சாட்சியும் ஒவ்வொரு தடவையும் அழிந்திருக்கும். அடுத்த தடவை நின்றபின், கோட் வாசிக்கும்வரை யாரும் பற்றரியைத் தொடக்கூடாது.

கோட் எந்தப் பக்கம் காட்டினாலும் மீற்றரால் அளந்து உறுதிசெய்யுங்கள். டிஸ்ரிபியூற்றரின் சொக்கற்றைக் கழற்றி, குளிர்ந்த நிலையில் ஒருதரமும், ஓடிச் சூடேறிய கையோடு இன்னொரு தரமும் அளக்கவேண்டும். என்இ கொயில் குளிரில் 370 முதல் 550 ஓம், சூட்டில் 475 முதல் 650 ஓம். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் மற்றப் பிக்கப்பான ஜி கொயில் குளிரில் 185 முதல் 275, சூட்டில் 240 முதல் 325. சூட்டில் சற்றுக் கூடுவது இயல்பு. ஆயிரங்களுக்குப் பாய்ந்தாலோ, மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ கம்பி அறுந்திருக்கிறது. அளக்கும்போது சொக்கற்றுக்குப் பின்னால் வயரை மெதுவாக மடித்துப் பாருங்கள். வெளித்தோல் நன்றாக இருந்து உள்ளே செம்பு ஒடிந்திருப்பதும் உண்டு. அளவில் பிழை தெரியவில்லையென்றால் முடியுலர்த்தியால் டிஸ்ரிபியூற்றரைப் பத்து நிமிடம் சூடாக்கி மறுபடி அளக்கலாம். பிக்கப் இரண்டு நிலையிலும் சரியாகவே இருந்தால் மிஞ்சுவது கொயிலும் இக்னைற்றரும். இக்னைற்றரை ஓம் மீற்றரால் நம்பிக்கையாக அளக்கமுடியாது; அங்கே ஐஸ் சோதனையும் 14ஆம் கோடும்தான் சாட்சி.

டிஸ்ரிபியூற்றரின் மூடியான கப்பைக் கழற்றி உள்ளேயும் ஒருமுறை பாருங்கள். கப்பின் உட்சுவரில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் பொறி அந்த வழியாகக் கசிகிறது, கப்பை மாற்றவேண்டும். நடுவில் இருக்கும் கரித்துண்டு தேய்ந்து குழியாகியிருக்கிறதா, ரோட்டரின் நுனி எரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஒயில் ஈரம் இருந்தால் தண்டின் சீல் போய்விட்டது. வெளிப்புறம் மட்டும் ஒயில் வடிந்தால் அது ஓ-ரிங், சில்லறை வேலை.

டிஸ்ரிபியூற்றர்தான் என்று உறுதியானால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவான புதுப் பிரதியைவிட நல்ல நிலையில் உள்ள பழைய டென்சோ மேல். ஆனால் காசு கொடுக்குமுன் கடையிலேயே மீற்றரால் என்இ, ஜி இரண்டையும் அளந்துபாருங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப்பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. சொக்கற்றின் வடிவமும் பின்களின் எண்ணிக்கையும் உங்களுடையதோடு ஒத்துப்போகவேண்டும். கொரோலாவிலேயே 4இ எஞ்சினுக்கு உரியது உங்களுடையதற்குப் பொருந்தாது.

பூட்டியபின் டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எஞ்சின் முழுச்சூட்டில், ஏசி ஓஃப் செய்து, ரிஇ1ஐயும் இ1ஐயும் கிளிப்பால் இணைத்த நிலையில், டைமிங் லைற்றை முதலாம் சிலிண்டர் வயரில் மாட்டி, பிஸ்ரனின் மேல்முனைக்கு 10 பாகை முன்பாக வைக்கவேண்டும். கிளிப் போடாமல் வைத்தால் கொம்பியூற்றர் தானாக டைமிங்கை முன்தள்ளிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் 10 பாகைக்குக் கொண்டுவந்தால் உண்மையில் வெகுவாகப் பின்தங்கிவிடும். வண்டி சோம்பிப்போய்த் திணறும். டைமிங் வைத்தபின் கிளிப்பை எடுக்க மறக்கவேண்டாம்.

நிற்பது போய்த் திணறல் மட்டும் மிஞ்சினால் இரண்டும் வெவ்வேறு நோய் என்று தெரியும். அப்போது முதலில் பிளக் வயர்களை உருவி நுனியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் வால்வ் கவரில் பிளக் குழாயைச் சுற்றியுள்ள சீல் காய்ந்து ஒயிலை உள்ளே விடும். அந்த ஒயிலில் ஊறினால் புது வயரும் சில மாதத்தில் கெட்டுவிடும். உங்கள் கராஜ் வயரை மாற்றிச் சீலை மாற்றாமல் விட்டிருக்கலாம். அடுத்தது மனிபோல்டிலிருந்து மெப் சென்சருக்குப் போகும் மெல்லிய றப்பர் குழாய். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதைக் கொம்பியூற்றர் அறிவது அந்தக் குழாய் வழியாகத்தான். அது நுனியில் வெடித்தால் பெற்றோலை அளவுக்கு மீறிக் கொட்டும், கறுப்புப் புகை வரும், மிதித்தால் முக்கும். இரு நுனியையும் ஒரு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினாலே சில வேளை தீர்ந்துவிடும். பெற்றோல் அழுத்தத்தையும் அப்போது அளக்கலாம்: +பி, எஃப்பி துளைகளை இணைத்துத் திறப்பை ‘ஓன்’ செய்தால் பம்ப் ஓடும், கேஜில் 38 முதல் 44 பிஎஸ்ஐ காட்டவேண்டும். 2022இன் தட்டுப்பாட்டில் கானில் சேர்த்துவைத்த பெற்றோலை ஊற்றிய வண்டியென்றால் தாங்கியின் அடியில் தண்ணீரும் துருவும் தங்கியிருக்கக்கூடும்; பம்பைக் கழற்றியபோது அதன் வலைப்பில்ற்றர் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டுப்பாருங்கள். ஒக்ரேன் 95 அடிப்பதால் இவற்றில் எதுவும் மாறாது. ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு வடிவமைத்த எஞ்சின் இது, 92 போதும்.

கொம்பியூற்றர் சாகவே சாகாது என்று சொல்லமாட்டேன். இந்தக் காலத்து ஒன்றில் கப்பாசிற்றர் கசிந்து பலகையை அரித்திருப்பதுண்டு. ஆனால் அதைக் கழற்றி மூடியைத் திறந்தால் கப்பாசிற்றரின் அடியில் பழுப்புக் கறையோ மீன் மாதிரி மணமோ இருக்கும். பார்க்க அரைமணித்தியாலம் போதும். அதற்கு முன் அதன் பூமி இணைப்பைப் பாருங்கள். இன்ரேக் மனிபோல்டில் ஒரு போல்ற்றில் பூட்டியிருக்கும். பற்றரியின் எதிர்முனைக்கும் மனிபோல்டுக்கும் இடையே எஞ்சின் ஓடும்போது 0.2 வோல்ற்றுக்குமேல் காட்டினால் போல்ற்றைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். கடைசியில் மாற்றத்தான் வேண்டுமென்றால் லேபிளில் 89661 என்று தொடங்கும் இலக்கம் கடைசி எண்வரை ஒன்றாக இருக்கவேண்டும். ஓட்டோ கியர் வண்டியின் கொம்பியூற்றரை மனுவலுக்குப் போடச் சொல்வார்கள், வாங்கவேண்டாம்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை அடைபட்டுக் கிடந்தபின், ஓடுகிற பழைய டொயோட்டாவின் ஒவ்வொரு அசல் சாமானுக்கும் பெறுமதி உண்டு. ஆகவே ஒரு காரியம் இன்றைக்கே செய்யுங்கள்: கராஜில் கழற்றிய உங்கள் பழைய பம்பைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதில் பழுது இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. இப்போது பூட்டியிருப்பது என்ன தயாரிப்பு என்றும் கேளுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பம்ப் என்றால், பழையதை அழுத்தம் அளந்து பார்த்துத் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.